சர்வரில் ஜன்னல் திறக்க மாட்டேங்குதா? அக்கா சொல்றேன்

உன் லேப்டாப்பில் நன்றாக ஓடிய புரோகிராம், சர்வரில் ஏற்றியதும் ஒரு நொடியில் விழுந்துவிடுகிறது. உடனே "கோடில் ஏதோ தப்புக்கா" என்று அதைப் பிரித்துப் போடாதே. புரோகிராம் ஒரு ஜன்னலைத் திறக்கப் பார்க்கிறது, ஆனால் சர்வரில் திரையே கிடையாது. பாதி வழக்கு இங்கேயே முடிந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல எழுதுகிறேன், டைப் செய்யும்போது நீ ஆங்கில எழுத்தில் போட்டுக்கொள்.

எல்லாரும் கடைசி வரியைத்தான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறார்கள். "கோர் டம்ப்டு" என்ற அந்த வரியால் விழுந்துவிட்டது என்று மட்டும்தான் தெரியும். மேலே போய் முதல் எரர் வரியைப் படி, காரணம் அங்கே இருக்கும். படித்த கையோடு, வேறு எதையும் டைப் செய்வதற்கு முன், எக்கோ டாலர் கேள்விக்குறி கொடுத்து எக்ஸிட் கோடைப் பார். 139 என்றால் செக்மென்டேஷன் ஃபால்ட், புரோகிராம் தொடக்கூடாத மெமரியைத் தொட்டிருக்கிறது. 134 என்றால் புரோகிராமோ அதன் லைப்ரரியோ "இனி முடியாது" என்று தானே நிறுத்திக்கொண்டது. 137 என்றால் வெளியிலிருந்து யாரோ கொன்றிருக்கிறார்கள். பெரும்பாலும் ரேம் தீர்ந்துபோய் கெர்னல் செய்த வேலை அது, டிமெஸ்ஜி கொடுத்தால் "அவுட் ஆஃப் மெமரி" என்று எழுதியிருக்கும். 137-ஐக் கவனிக்காமல் கோடை வரிவரியாகத் துருவுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

இப்போது திரை விஷயம். லினக்ஸில் ஜன்னல் போடும் எக்ஸ் விண்டோ சிஸ்டம் 1984-ல் எம்ஐடியில் பிறந்தது, இன்றும் ஓடும் 11-ம் பதிப்பு 1987-ல் வந்தது. அதில் பெயர்கள் தலைகீழ். திரையும் கீபோர்டும் இருக்கும் உன் லேப்டாப்தான் அங்கே எக்ஸ் சர்வர், தூரத்தில் ஓடும் புரோகிராம் கிளையன்ட். எந்தத் திரைக்குப் போவது என்ற விலாசத்தைப் புரோகிராம் 'டிஸ்ப்ளே' என்ற வேரியபிளில் தேடும். அது காலியாக இருந்தால் "கான்ட் ஓபன் டிஸ்ப்ளே" என்று சொல்லிவிட்டு வெளியேறும்.

எஸ்எஸ்எச்சில் மைனஸ் பெரிய எக்ஸ் போட்டு உள்ளே போ. போனதும் டிஸ்ப்ளேயின் மதிப்பைப் பார், லோக்கல்ஹோஸ்ட் 10.0 போல வர வேண்டும். அந்த மெஷினிலேயே இருக்கக்கூடிய நிஜத் திரைகளுக்காக முதல் எண்களை ஒதுக்கிவிட்டு, எஸ்எஸ்எச் 10-லிருந்து தொடங்குகிறது. காலியாக வந்தால் சர்வரில் எக்ஸ்ஆத் என்ற சின்ன பேக்கேஜ் இருக்கிறதா, அங்கேயே எஸ்எஸ்எச்டி கான்ஃபிகில் எக்ஸ்11 ஃபார்வர்டிங் 'யெஸ்' என்று இருக்கிறதா, இந்த இரண்டையும் பார். நீயாக டிஸ்ப்ளேக்கு ஒரு மதிப்பைக் கையால் போட்டுவிடாதே. யாரோ எப்போதோ பேஷ்ஆர்சியில் எழுதிவைத்த அப்படி ஒரு வரியே சரியான விலாசத்தை அழித்துக்கொண்டிருப்பதும் உண்டு.

விலாசம் வந்துவிட்டதா? உன் பெரிய புரோகிராமை ஓட்டுவதற்கு முன் எக்ஸ்க்ளாக் ஓட்டிப் பார். அந்தக் குட்டிக் கடிகாரம் உன் திரையில் வந்தால் பாதை சரி, குறை புரோகிராம் பக்கம். வராவிட்டால் புரோகிராமைத் தொடவே வேண்டாம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ராத்திரி முழுக்க இதோடு மல்லுக்கட்டினேன். எல்லா செட்டிங்கும் சரி, கடிகாரம் மட்டும் வரவில்லை. விடியும்போதுதான் தெரிந்தது, என் ஹோம் டைரக்டரியில் இடமே இல்லை. திரைக்கான அனுமதிச் சாவியை எக்ஸ்ஆத் அங்கே ஒரு கோப்பில்தான் எழுதும், எழுத இடம் இல்லாவிட்டால் கதவு திறக்காது. இப்போதெல்லாம் நான் முதலில் டிஎஃப் கொடுத்து இடம் பார்க்கிறேன். சுடோ போட்டால் ஜன்னல் வராமல் போவதும் இந்தச் சாவியால்தான். சாவி உன்னுடையது, ரூட்டிடம் அது இருக்காது. அந்த அவசரத்தில் யாராவது "எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ் போடு" என்றால் கேட்காதே, தங்கச்சி. உன் திரைக்குப் பூட்டே இல்லாமல் போய்விடும், நீ தட்டும் பாஸ்வேர்டு வரை மற்றவர் படிக்க முடியும்.

பார்க்க ஆளே இல்லாத வேலை என்றால் கதை வேறு. ராத்திரி 2 மணிக்குக் கிரானில் ஓடி ரிப்போர்ட் போடும் புரோகிராமுக்கு நிஜத் திரை எதற்கு? மெமரியிலேயே ஒரு பொய்த் திரை விரிக்கும் எக்ஸ்விஎஃப்பி போதும். எக்ஸ்விஎஃப்பி-ரன் என்று முன்னால் சேர்த்து ஓட்டு. மைனஸ் ஏ-யை மறக்காதே. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு வேலையும் 99 என்ற அதே திரை எண்ணைக் கேட்கும், இரண்டு வேலை ஒரே நேரத்தில் வந்தால் ஒன்று விழும். பைத்தான் மேட்பிளாட்லிப் என்றால் இதுகூட வேண்டாம், பேக்எண்டை 'ஆக்' என்று மாற்று.

க்யூடி புரோகிராம்கள்தான் எல்லாரையும் அழவைக்கும். "எக்ஸ்சிபி பிளகின் கிடைத்தது, ஆனால் ஏற்ற முடியவில்லை" என்று சொல்லும். கோப்பு இருக்கிறது, அது சார்ந்திருக்கும் இன்னொரு லைப்ரரி இல்லை என்று அர்த்தம். க்யூடி டீபக் பிளகின்ஸ் வேரியபிளை 1 ஆக்கி ஓட்டினால் எது இல்லை என்று பெயரோடு சொல்லும். அந்தப் பிளகின் கோப்பின்மேல் எல்டிடி ஓட்டி "நாட் ஃபவுண்ட்" வரியைத் தேடினாலும் அதே பதில்தான். க்யூடி 6.5-லிருந்து எக்ஸ்சிபி-கர்சர் லைப்ரரியும் வேண்டும், புது பதிப்புக்கு மாறியதும் விழத் தொடங்கினால் அதை முதலில் சந்தேகப்படு.

டாக்கருக்குள் குரோம் பாதியில் செத்தால் ஷேர்டு மெமரியைப் பார். கன்டெய்னருக்கு இயல்பாகக் கிடைப்பது 64 எம்பிதான், எஸ்எச்எம்-சைஸ் கொடுத்து ஏற்று. 3டி, ஓபன்ஜிஎல் என்று வந்தால் லிப்ஜிஎல் ஆல்வேஸ் சாஃப்ட்வேர் வேரியபிளை 1 ஆக்கு. வரைகிற வேலையை மெசா சிபியுவிலேயே செய்யும். மெதுவாக ஓடும்தான், ஆனால் விழாமல் ஓடினால் உன் சந்தேகம் கிராஃபிக்ஸ் டிரைவர்மேல் போகட்டும்.

எழுத்துருவையும் பார்த்துவிடு. ஃபாண்டும் ஃபாண்ட்கான்ஃபிகும் இல்லாத கன்டெய்னரில் ஜாவா புரோகிராம் ஒரு ரிப்போர்ட் வரையப் போய் நல் பாயின்டர் எரரோடு விழும். விழாமல் தப்பினாலும் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கட்டம் கட்டமாக அச்சாகும். எஃப்சி-லிஸ்ட்டில் தமிழுக்கு எதுவும் வரவில்லையென்றால் நோட்டோ தமிழ் போட்டுக்கொள்.

இத்தனைக்குப் பிறகும் 139 வந்தால், கோர்டம்ப்சிடிஎல் கொடுத்து ஜிடிபியில் பேக்ட்ரேஸ் எடு. அதோடு பதிப்பு எண்ணையும் முதல் எரர் வரியையும் சேர்த்து, அதை எழுதியவர்களுக்கு அனுப்பு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய். எதனால் சரியானதோ அந்த வரியை சர்வீஸ் கோப்பிலோ டாக்கர்ஃபைலிலோ இன்றைக்கே எழுதிவிடு. டெர்மினலில் போட்ட எக்ஸ்போர்ட், நீ லாகவுட் செய்ததும் போய்விடும்.