மலையேறும் மூட்டை, மலையிறங்கும் மூட்டை

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுகிறேன். கொல்லிமலையின் தேவனூர் நாட்டில் உங்கள் ஊர் மளிகைக்கடை காலப்போக்கில் எப்படி மாறியது என்று கல்லூரிக்குக் கட்டுரை எழுத வேண்டும், எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தாய். எடுத்த எடுப்பில் கடைக்காரரிடம் போய் “அந்தக் காலத்துல எப்படி இருந்தது?” என்று கேட்காதே. எல்லாரும் சொல்லும் பதில்தான் கிடைக்கும். ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு போடு. ஒரு பக்கம் மலையேறி வரும் சரக்கு, மறுபக்கம் மலையிறங்கிப் போகும் சரக்கு. கடை மாறிய கதை இந்த இரண்டு பத்திக்குள் அடங்கிவிடும்.

பழைய கணக்கிலிருந்து தொடங்கு. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளோடு சாலை ஏறுவதற்கு முன் சுமை என்றால் பெரும்பாலும் தலைச்சுமைதான். அதனால் மலையில் கிடைக்காததுதான் மேலே வந்தது: உப்பு, கருவாடு, மண்ணெண்ணெய், துணிமணி. சோற்றுக்கு வேண்டியது இங்கேயே விளைந்தது. பள்ளத்து வயலில் நெல், மேட்டுக் கொல்லையில் சாமை, தினை, கேழ்வரகு. சாமையில் மட்டும் பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திருகுலச் சாமை என்று வகை சொல்வார்கள். மிளகும் பலாவும் தேனும் கீழே போயின. அடிவாரத்துப் பேளுக்குறிச்சிச் சந்தை மளிகைச் சாமான்களுக்குப் பேர்போனதென்றால், அதில் நம் மலை மிளகுக்கும் பங்கு உண்டு.

அடுத்து, கொல்லைக்குக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, வந்ததை எழுது. சேலம், ஆத்தூர், ராசிபுரம் பக்கம் இந்தக் கிழங்கை வாங்கும் ஜவ்வரிசி ஆலைகள் பெருகின. 1981இல் சேலத்தில் அந்த ஆலைகளுக்கான சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பும் தொடங்கியது. சாமையை அறுத்து, அடித்து, புடைத்து, உரலில் குத்தியாக வேண்டும். கிழங்கைப் பிடுங்கி லாரியில் ஏற்றினால் கையில் காசு. கொல்லை கிழங்குக்கு மாற மாற, வீட்டுச் சோறு கடையை நம்பத் தொடங்கியது. ஆகவே கடை பெரிதானதற்கு முதல் காரணத்தைக் கடைக்குள் தேடாதே, கொல்லையில் தேடு.

அப்புறம் ரேஷன். 2008 செப்டம்பரில் கிலோ 1 ரூபாய்க்கு வந்த அரிசி, 2011 ஜூனிலிருந்து விலையில்லாமலே கிடைத்தது. பசிக்கு அது பெரிய துணை, அதைக் குறைத்துப் பேசாதே. ஆனால் மளிகைக்கடையை அது வேறு வழிக்குத் திருப்பியது. அரிசிக்குச் செலவாகாமல் மிஞ்சிய காசு எண்ணெய்க்கும் மசாலாத் தூளுக்கும் பிஸ்கட்டுக்கும் போனது.

கடை வாசலில் சரம்சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டைப் பார்த்திருப்பாய். அதன் வேர் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. சிறு பாக்கெட்டில் அடைத்தால் ஏழையும் வாங்குவான் என்று காட்டியவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் சிக் ஷாம்பு தொழிலைத் தொடங்கினார். அன்றாடக் கூலியில் பாட்டில் வாங்க முடியாதவர் அன்றன்றைக்கு ஒன்று கிழித்து வாங்கிக்கொள்ளலாம். சீயக்காயும் அரப்பும் பின்னுக்குப் போயின. காலி உறைகள் ஓடைக்கரையில் சேர்ந்தன.

இதைவிட நுட்பமான மாற்றம் ஒன்று உண்டு. பாக்கெட்டின் மேல் அச்சிட்டிருக்கும் விலையைப் பார். வரிகள் எல்லாம் சேர்த்து அதிகபட்ச விலையை அச்சிட வேண்டும் என்ற விதி 1990இல் வந்தது. நாமக்கல்லில் என்ன விலையோ, 70 வளைவு ஏறிய பிறகும் அதே விலை. வாங்குபவருக்கு அது பாதுகாப்பு. கடைக்காரரோ வண்டி வாடகையை அந்தப் பாக்கெட்டின் மேல் வைக்க முடியாது. எடைபோட்டு விற்கும் பருப்பிலோ, கூடுதல் கமிஷன் தரும் பேர் தெரியாத பிஸ்கட்டிலோதான் அதை ஈடுகட்ட வேண்டும். அலமாரியில் எது கண்ணுக்கு எதிரே இருக்கிறது, எது மூலையில் கிடக்கிறது என்று குறித்துக்கொள், காரணம் புரியும்.

கடன் நோட்டையும் விடாதே. மிளகு காய்ந்ததும் தருகிறேன், கிழங்கு லோடு போனதும் தருகிறேன் என்றால் கடைக்காரர் எழுதிக்கொள்வார். 2016இல் வந்த யுபிஐ பணத்தை நொடியில் அனுப்பும். ஆனால் வீட்டில் காசு எப்போது புரளும் என்று அதற்குத் தெரியாது. அதனால் கியூஆர் அட்டை ஒட்டிய கடையிலும் கடன் நோட்டு இருக்கிறதா என்று பார். நோட்டைப் பிரித்துப் பார்க்கும்போது யார் பெயரையும் குறிக்காதே. எந்த மாதம் கடன் ஏறுகிறது, எந்த மாதம் இறங்குகிறது என்பது மட்டும் உனக்குப் போதும்.

கடைசியாக ஒரு புதிர். 1990களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மலையில் சிறுதானியங்களைக் காக்க வேலை செய்தது, ஊர்களுக்குத் தோல் நீக்கும் இயந்திரம் வரவும் உதவியது. 2023ஐ ஐ.நா. சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. இன்று சாமை பட்டணத்துக் கடையில் பாக்கெட்டாக, அரிசியைவிடக் கூடுதல் விலைக்கு நிற்கிறது. உங்கள் ஊர்க் கடையில் அது கிடைக்கிறதா, என்ன விலை, யார் வாங்குகிறார்கள்? இதற்குப் பதில் கண்டுபிடித்தால் கட்டுரையின் பாதி முடிந்தது.

பழையது நல்லது, புதியது கெட்டது என்று முடித்துவிடாதே. தினமும் விடியுமுன் சாமை குத்திய கை உன் பாட்டியுடையது. அவரிடம் கேட்டால் அந்தக் காலம் வேண்டாம் என்று சொன்னாலும் சொல்வார். அதையும் அப்படியே எழுது. அவரிடம் பேசிய பிறகு கடைக்காரரிடம் போ, அப்போது கேட்கச் சரியான கேள்விகள் உன்னிடம் இருக்கும்.

நோட்டின் இரண்டு பத்தியும் நிரம்பியதும் எனக்கு அனுப்பு. இறங்கும் பக்கத்தில் இன்னும் என்ன சேர்க்கலாம் என்று நாம் இருவரும் உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்,
மாமா