டாக்டர் கொடுத்த சீட்டு

செல்வி அக்கா அல்சூரில் பூ விற்கிறார். அவர் கணவர் மூட்டை தூக்குகிறார்.

சில நாளாக மாடி ஏறினால் கணவருக்கு மார்பு வலித்தது. தெருமுனை டாக்டர் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்.

“இதயத்தில் அடைப்பு இருக்கலாம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்” என்றார்.

செல்வி அக்கா பயந்து போனார். அந்த நேரம் ஒரு ஏஜென்ட் வந்தார்.

“பாலிசி எடுங்கள். எல்லாச் செலவும் கம்பெனி கட்டும்” என்றார்.

கம்மலை அடகு வைக்க முடிவு செய்தார் அக்கா. பாலிசித் தாளோடு மாலை வகுப்புக்கு வந்தார். லதா டீச்சர் அதைப் படித்துச் சொன்னார்.

“அக்கா, முன்பே உள்ள நோய்க்கு 36 மாதம் கழித்துத்தான் பணம் தருவார்களாம்.”

“ஐயோ! நோய் இப்போதுதானே இருக்கிறது?”

“நோயை மறைத்து எழுதினாலும் பயன் இல்லை. டாக்டர் சீட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். பணம் தர மறுப்பார்கள். உங்களிடம் பி.பி.எல். ரேஷன் கார்டு இருக்கிறதா?”

“இருக்கிறது டீச்சர்.”

“அப்படியென்றால் உங்களுக்கு அரசுத் திட்டம் உண்டு. அதன் பெயர் ஆயுஷ்மான் பாரத் – ஆரோக்ய கர்நாடகா. 2018-இல் வந்தது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். முன்பே உள்ள நோய்க்கும் உண்டு. நாம் பணம் கட்ட வேண்டாம்.”

“அப்போ நாளைக்கே பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.”

“பொறுங்கள் அக்கா. தெருமுனை டாக்டர் சீட்டு அங்கே செல்லாது. முதலில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நமக்குப் பக்கம் சிவாஜிநகர் பௌரிங் ஆஸ்பத்திரி. அங்கே சிகிச்சை இருந்தால் அங்கேயே செய்வார்கள். இல்லாவிட்டால் அந்த டாக்டர் ரெஃபரல் சீட்டு தருவார். அதோடு திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.”

“திடீரென்று வலி அதிகமானால்?”

“உயிருக்கு ஆபத்து என்றால் சீட்டு வேண்டாம். 108-க்குப் போன் செய்யுங்கள். திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரிக்கு நேரே போங்கள். அங்கே ஆரோக்ய மித்ரா என்ற உதவியாளர் இருப்பார். அவரிடம் கார்டைக் காட்டுங்கள்.”

மறுநாள் காலை இருவரும் பௌரிங் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ரேஷன் கார்டு, ஆதார் கார்டு, இ.சி.ஜி. தாள் மூன்றையும் கொண்டு போனார்கள். டாக்டர் பரிசோதித்து ரெஃபரல் சீட்டு கொடுத்தார். அக்கா அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். அதில் கணவர் பெயர் சரியாக இருந்தது.

கம்மல் அக்காவின் காதிலேயே இருந்தது.

தெரிந்து கொள்வோம்

1. கம்பெனி வேலையில் இருப்பவருக்கு இ.எஸ்.ஐ. இருக்கலாம். அவர் முதலில் தன் இ.எஸ்.ஐ. மருந்தக டாக்டரைப் பார்க்க வேண்டும். பெங்களூரில் ராஜாஜிநகரிலும் இந்திராநகரிலும் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகள் உள்ளன.

2. பி.பி.எல். கார்டு இல்லாதவருக்கும் ஆரோக்ய கர்நாடகா திட்டத்தில் இடம் உண்டு. ஆனால் திட்டத்தில் குறித்த கட்டணத்தில் 30 சதவீதம்தான் அரசு தரும். மீதியை நாம் கட்ட வேண்டும்.

3. அதனால் சிலர் தனியார் பாலிசியும் எடுக்கிறார்கள். எடுக்கும் முன் உங்கள் டாக்டரைக் கேளுங்கள்: “நீங்கள் எந்த ஆஸ்பத்திரியில் சேர்ப்பீர்கள்?” அந்தப் பெயர் கம்பெனிப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பெரும்பாலும் நாமே முதலில் பணம் கட்ட வேண்டிவரும்.

4. உடம்பு நன்றாக இருக்கும்போதே பாலிசி எடுப்பது நல்லது.

பதில் சொல்லுங்கள்

1. செல்வி அக்கா ஏன் பாலிசி எடுக்கவில்லை?
2. ரெஃபரல் சீட்டு யார் தருவார்?
3. எப்போது அந்தச் சீட்டு தேவையில்லை?

எழுதுங்கள்

உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள அரசு ஆஸ்பத்திரியின் பெயரை எழுதுங்கள். ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள்.