தேநீர் விருந்தும் சிறுவர் படநூல்களும்

தேநீர் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது ஒரு கோப்பைப் பானமே ஆகும். ஆங்கிலேயர் இல்லங்களிலோ 'டீ' என்னும் சொல்லுக்கு வேறு பொருளும் உண்டு. பிற்பகலில் ரொட்டி, கேக், பிஸ்கட் ஆகியவற்றோடு அருந்தும் சிற்றுண்டியையும், பிள்ளைகள் மாலையில் உண்ணும் உணவையும் அவர்கள் அச்சொல்லாலேயே வழங்குவர். இதனை அறியாமல் அவர்தம் சிறுவர் நூல்களைப் படிக்கும் மாணவர், தேநீருக்கு வந்த விருந்தினர் ஏன் இத்தனையும் உண்கிறார் என்று வியப்பது இயல்பே.

அந்நூல்களில் வரும் விருந்துகளுள் பெரும்புகழ் பெற்றது, 1865ஆம் ஆண்டில் லூயி கரோல் எழுதிய ஆலிசின் அற்புத உலகக் கதையில் உள்ளது. அவர் ஆக்ஸ்போர்டில் கணிதம் கற்பித்தவர். அந்நூலுக்குப் படம் வரைந்தவர் ஜான் டெனியல். மேசையோ நீண்டது, இருப்போரோ ஒரு மூலையில் நெருங்கி அமர்ந்த மூவர். ஆயினும் ஆலிசைக் கண்டதும் இடமில்லை என்று கூவுகின்றனர். அங்கே எப்போதும் மாலை ஆறு மணிதான். ஆகவே கிண்ணங்களைக் கழுவ நேரமின்றி இருக்கை மாறி மாறி அமர்கின்றனர்! விருந்தினரை எவ்வாறு நடத்தலாகாது என்பதை இதனினும் வேடிக்கையாகக் காட்டுதல் அரிது.

பியாட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார் 1907இல் வெளியிட்ட பூனைக்குட்டி டாமின் கதையும் சுவையானது. தோழியர் தேநீருக்கு வருகின்றனர் என்று தாய்ப் பூனை தன் மூன்று குட்டிகளுக்கும் புத்தாடை உடுத்துகிறது. பொத்தான்கள் தெறிக்கின்றன, ஆடைகள் வாத்துகளிடம் போய்ச் சேருகின்றன. வெட்கிய தாய், குட்டிகளுக்கு மணல்வாரி கண்டிருப்பதாக விருந்தினரிடம் பொய்யே சொல்லிவிடுகிறது. பெற்றோர் இப்பக்கத்தைச் சிரிக்காமல் கடத்தல் இயலாது.

ஆயினும் நம் இல்லங்களுக்கு மிகவும் ஏற்றது எனத் தோன்றுவது, ஜூடித் கெர் எழுதி, தாமே படமும் வரைந்து, 1968இல் வெளிவந்த தேநீருக்கு வந்த புலியின் கதையாகும். 1923இல் பெர்லினில் பிறந்த அம்மையார், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் குடும்பத்தோடு நாடு நீங்கி, பின்னர் இங்கிலாந்தில் குடியேறியவர். 2019இல் மறைந்தார். தம் மகளுக்குச் சொல்லிவந்த கதையையே அவர் நூலாக்கினார்.

சோஃபி என்னும் சிறுமியும் தாயும் தேநீருக்கு அமர்ந்திருக்கும் வேளையில் மணி ஒலிக்கிறது. கதவைத் திறந்தால் ஒரு புலி! பசிக்கிறது, தேநீருக்கு வரலாமா என்று அது பணிவாகவே கேட்கிறது. தாயும் உள்ளே அழைக்கிறார். மேசைமேல் இருந்தவற்றை உண்டு, தேநீரைக் குடித்து, சமைத்த இரவு உணவையும் தீர்த்து, இறுதியில் குழாயில் இருந்த தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டுப் புலி போய்விடுகிறது. சிறுமிக்குக் குளிக்கவும் நீர் இல்லை.

இங்கே பெற்றோரிடம் ஒன்று கூற விரும்புகிறோம். ஆங்கிலம் படிக்கும் வாய்ப்புப் பெறாதவர்கள், பிள்ளையின் ஆங்கில நூலைக் கண்டதும் ஒதுங்கிவிடுகின்றனர். இந்நூலில் ஒதுங்க வேண்டியதில்லை. படமே கதையைச் சொல்லிவிடும். பக்கத்தைப் புரட்டித் தமிழிலேயே சொல்லலாம். தண்ணீர் தீர்ந்த வீட்டின் நிலையை, லயத்துக் குழாயடியில் வாளியோடு காத்து நின்ற தாய்மாரைக் காட்டிலும் யார் விளக்க வல்லார்? புலியும் நமக்கு அயலன்று. பால்மரக் காட்டில் புலிக்கு அஞ்சிய கதைகளைப் பாட்டன்மார் அறிவர். இன்று தீபகற்ப மலேசியக் காடுகளில் எஞ்சியுள்ள புலிகள் 150க்கும் குறைவே என மதிப்பிடப்பட்டுள்ளதையும் உடன் சொல்லலாம்.

மேற்கூறிய மூன்று நூல்களிலும் தேநீர் உண்டு. தேயிலை எங்கிருந்து வந்தது என்பது எங்கும் இல்லை. கிண்ணத்தை ஊற்றும் கை தெரிகிறது, கொழுந்து கிள்ளிய கை தெரியவில்லை. அக்குறையை நாம் நிரப்ப இயலும். கேமரன் மலையில் 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. அம்மலைத் தோட்டங்களில் உழைத்தோருள் தமிழர் பலர். இன்றோ கத்தரியும் இயந்திரமும் கொண்டு வெட்டுகின்றனர். பிறநாட்டுத் தொழிலாளர் பலர் அவ்வேலையில் உள்ளனர். வெட்டாமல் விட்டால் தேயிலை மரமாகவே ஓங்கிவிடும். இடுப்பளவில் நிறுத்துவதே கவாத்தின் வேலை. இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்ந்ததே நல்ல கொழுந்து. அதனை வாட்டி, உருட்டி, காற்றுப்பட்டுச் செந்நிறம் ஏற விட்டு, பின் சூடேற்றி உலர்த்துவர். ஏறத்தாழ 4 முதல் 5 கிலோ பச்சைக் கொழுந்து வாடிச் சுருங்கி ஒரு கிலோ தேயிலை ஆகிறது.

மாணவ மணிகளே, விடுமுறையில் தேங்காய்ச் சிரட்டைகளைக் கிண்ணங்களாக அடுக்கி நீங்களும் ஒரு தேநீர் விருந்து நடத்துங்கள். வருபவரைப் "பசியாறினீர்களா?" என்று கேட்டே அமர்த்துங்கள். சோஃபியின் கதைக்கு முன்னால் வர வேண்டிய பக்கத்தை ஒரு வெள்ளைத்தாளில் வரையுங்கள்: மூடுபனி, கூடை, கொழுந்து, கிள்ளும் கை. கை எப்படி இருக்க வேண்டும் என்பதை, தோட்ட வேலை செய்த தாத்தா, பாட்டியிடம் கேட்டு வரையுங்கள்.

சோஃபியும் தாயும் மறுநாள் கடைக்குச் சென்று, புலி மீண்டும் வந்தால் கொடுப்பதற்கென்று ஒரு பெரிய டின் புலி உணவு வாங்கி வைக்கின்றனர். புலியோ மீண்டும் வரவேயில்லை. உங்கள் வீட்டுக்கு வந்தால் என்ன வாங்கி வைப்பீர்கள் என்று அப்பாவிடமும் கேட்டுப் பாருங்கள்.