அமெச்சூர் வானொலியில் இலக்க முறைக் குரலும் செய்தியும்

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப் பேரலை அந்தமான் தீவுகளைத் தாக்கியபோது, தொலைபேசித் தொடர்புகள் பல இடங்களில் அறுந்துபோயின. அச்சமயம் ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிலையத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் அம்மையாரின் குழுவினர், அமெச்சூர் வானொலிப் பணியின் பொருட்டுப் போர்ட் பிளேரில் தங்கியிருந்தனர். அவர்களிடமிருந்த சிற்றலைக் கருவிகள், தீவில் இருந்தோரின் நலச் செய்திகளைத் தாய்நாட்டுக் கரைக்குக் கொண்டு சேர்க்க உதவின. பொழுதுபோக்காகக் கருதப்படும் ஒரு கலை, இடர் வந்த நாளில் பொதுப்பணியாக மாறுவதற்கு இது தக்க சான்றாகும்.

இவ்வாறான நேரங்களில் ஒரு பெயரோ ஓர் எண்ணோ தவறாகக் கேட்கப்படின், விளையும் துன்பம் சிறிதன்று. குரல் வழியே நூறு பெயர்களைச் சொல்வதானால், ஒவ்வொன்றையும் எழுத்தெழுத்தாகக் கூறி, மறுமுனையில் உள்ளவர் திருப்பிச் சொல்லக் கேட்டுச் சரிபார்த்தல் வேண்டும். இக்குறையைக் களையவல்லது இலக்க முறை. அதன் அடிப்படையையும், அதனைக் கைக்கொள்ளத் தொடங்குவோர் அறியவேண்டியவற்றையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

இலக்க முறை என்பது யாது?

சாதாரண வானொலிப் பேச்சில், குரலின் ஏற்ற இறக்கங்கள் அப்படியே மின் அலையின் ஏற்ற இறக்கங்களாகின்றன. வழியில் இரைச்சல் கலந்தால், அது குரலோடு ஒன்றிவிடும். பின்னர் இரண்டையும் பிரித்தல் அரிது. இலக்க முறையிலோ, அனுப்பப்படுவது 0, 1 என்னும் இரண்டு குறிகளே. ஏற்குங் கருவி முடிவு செய்யவேண்டியது ‘இது 0-வா, 1-ஆ?’ என்பது ஒன்றுதான். இரைச்சல் ஓரளவுக்கு மேற்படாத வரையில் இம்முடிவு பிழையாவதில்லை.

மேலும், செய்தியுடன் சில உபரிக் குறிகளையும் கணித முறைப்படி சேர்த்து அனுப்பினால், இடையில் சிதைந்த குறிகளை ஏற்குங் கருவியே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும். இதற்குப் பிழைதிருத்தக் குறியீடு என்று பெயர். இரைச்சல் மிகுந்த வழியிலும் பிழையின்றிச் செய்தி அனுப்ப இயலும் என்பதையும், அதற்குரிய வேகத்தின் எல்லையையும் 1948-இல் அமெரிக்க அறிஞர் கிளாட் ஷானன் கணித வாயிலாக நிறுவினார். இன்றைய இலக்க முறைகள் அனைத்தும் அவ்வடித்தளத்தின் மீது எழுந்தவையே.

குரல் எண்களாகும் விதம்

தொலைபேசித் துறையில் வழங்கும் முறைப்படி, குரலலையின் உயரம் நொடிக்கு 8,000 முறை அளக்கப்படுகின்றது. ஒவ்வோர் அளவும் 8 குறிகளால் எழுதப்படுகின்றது. ஆகவே நொடிக்கு 64,000 குறிகள் தேவை. அமெச்சூர்களுக்குக் கிடைக்கும் குறுகிய அலைப்பட்டைக்கு இது பெருஞ்சுமையாகும்.

இச்சுமையைக் குறைக்கும் வழியை 1930-களிலேயே பெல் ஆய்வுக்கூடத்தில் ஹோமர் டட்லி என்பார் காட்டினார். மனிதக் குரல் தொண்டையில் அதிர்வாகத் தோன்றி, வாயின் வடிவத்தால் பண்படுகின்றது. எனவே குரலலையை முழுவதும் அனுப்பாமல், அதிர்வின் சுருதியையும் வாயின் வடிவத்தையும் குறிக்கும் சில எண்களை மட்டும் அனுப்பினால் போதும். மறுமுனையில் அவ்வெண்களைக் கொண்டு குரலை மீண்டும் ஆக்கிக்கொள்ளலாம். இத்தகைய அமைப்பு ‘வோகோடர்’ எனப்படும். இப்போது வழங்கும் வோகோடர்கள் பேச்சை நொடியில் ஐம்பதில் ஒரு பங்கான சிறு துண்டுகளாகப் பகுத்து, நொடிக்குச் சுமார் 2,400 குறிகளிலேயே புரியத்தக்க குரலைத் தருகின்றன.

வழக்கிலுள்ள குரல் முறைகள்

ஜப்பானிய அமெச்சூர் வானொலிச் சங்கம் உருவாக்கிய ‘டி-ஸ்டார்’ முறையில் நொடிக்கு 4,800 குறிகள் செல்கின்றன. அவற்றுள் 2,400 குரலுக்கும், 1,200 பிழைதிருத்தத்திற்கும், எஞ்சிய 1,200 சிறு செய்திகளுக்கும் உரியவை. பேசுவோரின் அழைப்புக் குறியும் குரலுடனேயே சென்று, எதிர்முனையிலுள்ள கருவியின் திரையில் தோன்றும்.

‘டி.எம்.ஆர்.’ என்பது ஐரோப்பியத் தரநிலை அமைப்பு 2005-இல் தொழில்துறைக்கென வெளியிட்ட முறை. இதில் 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே தடத்தை இரண்டு உரையாடல்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. முதல் 30 மில்லிநொடி ஒருவருக்கு. அடுத்த 30 மில்லிநொடி மற்றவருக்கு. இம்மாற்றம் மிக விரைவாக நிகழ்வதால் இருவருக்கும் தடங்கல் தெரிவதில்லை.

மேற்கூறிய இரண்டிலும் பயன்படும் வோகோடர் தனியார் உரிமைக்கு உட்பட்டது. அமெச்சூர் வானொலியின் நோக்கங்களுள் தாமே கற்றலும் ஒன்றாதலின், உள்ளமைப்பு மறைக்கப்பட்ட கருவி பலருக்கு மனநிறைவு அளிக்கவில்லை. அக்குறையை நீக்க, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டேவிட் ரோ ‘கோடெக் 2’ என்னும் வோகோடரை எவரும் படித்துத் திருத்தத்தக்க வகையில் ஆக்கி வெளியிட்டார். சிற்றலையில் வழங்கும் ‘ஃப்ரீ-டிவி’ முறை இதனைக் கொண்டே வளர்ந்தது.

இலக்க முறைக் குரலுக்கு ஒரு தனிக் குணமுண்டு. சாதாரண முறையில் தூரம் கூடக்கூட இரைச்சல் படிப்படியாக மிகும். ஆயினும் பழகிய செவி ஓரிரு சொற்களைப் பிடித்துக்கொள்ளும். இலக்க முறையில் எல்லை வரையில் குரல் தெளிவாக இருந்து, எல்லையைக் கடந்ததும் திடீரென முற்றும் அற்றுவிடும். தொடங்குவோர் இதனைக் கருவியின் பழுதென்று மயங்குதல் கூடாது.

செய்தி முறைகள்

இலக்க முறை புதிதன்று. ஒலி உண்டு, ஒலி இல்லை என்னும் இரு நிலைகளாலேயே செய்தி சொல்லும் மோர்ஸ் முறையும் ஒருவகையில் அதுவே. கணிப்பொறியின் வருகையால் அதன் ஆற்றல் பன்மடங்காகியுள்ளது. இதற்கு ‘எஃப்.டி. 8’ முறை சிறந்த உதாரணம். துடிவிண்மீன் ஆராய்ச்சிக்காக 1993-இல் நோபெல் பரிசு பெற்ற ஜோசப் டெய்லரும், ஸ்டீவன் ஃபிராங்கியும் 2017-இல் இதனை வெளியிட்டனர்.

இதன் அமைப்பு நுட்பமானது. இரு நிலையங்களின் அழைப்புக் குறிகளும் இடக்குறியும் சேர்ந்து 77 குறிகளில் அடங்குகின்றன. பிழையைக் கண்டறிய 14 குறிகளைச் சேர்க்க 91 ஆகின்றது. பிழைதிருத்தத்திற்கான உபரிக் குறிகளுடன் அது 174 ஆகப் பெருகுகின்றது. எட்டுச் சுருதிகளுள் ஒன்றை ஒலிப்பது மூன்று குறிகளுக்கு ஈடாதலால், 174 குறிகளுக்கு 58 ஒலிகள் போதும். காலத்தை ஒத்துப் பார்ப்பதற்கான 21 ஒலிகளையும் கூட்டினால் 79 ஒலிகள். ஒவ்வொன்றும் 0.16 நொடி நீடிப்பதால், ஒரு செய்தி 12.64 நொடியில் முடிகின்றது. அடுத்த செய்தி 15 நொடிக்கு ஒருமுறை வரும் புதிய முறையில் தொடங்கும். செவிக்குச் சிறிதும் புலப்படாத மெல்லிய அலையிலிருந்தும் கணிப்பொறி இச்செய்தியைப் பிரித்தெடுத்துவிடும்.

ஆயினும் இம்முறையில் விருப்பம்போல் எழுதத்தக்கவை ஒரு முறைக்கு 13 எழுத்துகளே. அலை எவ்வளவு தூரம் எட்டுகின்றது என்று சோதிக்க இது ஏற்றது; இடர்க்காலத்தில் பெயர்ப் பட்டியல் அனுப்ப ஏற்றதன்று. அதற்கு, சிற்றலை வழியே மின்னஞ்சல் அனுப்பும் ‘வின்லிங்க்’ முறை பொருத்தமானது. ஊர்திகள், மீட்புக் குழுக்கள் ஆகியவற்றின் இருப்பிடத்தையும் சிறு செய்திகளையும் அறிவிக்க, அமெரிக்கரான பாப் புருனிங்கா வகுத்த ‘ஏ.பி.ஆர்.எஸ்.’ முறை பயன்படுகின்றது.

தொடங்குவோர் செய்யத்தக்கவை

1. முதலில் கேட்கப் பழகுக. நெதர்லாந்திலுள்ள ட்வென்ட்டே பல்கலைக்கழகம் போன்றவை தம் ஏற்குங் கருவிகளை இணையத்தின் வழியே எவரும் கேட்குமாறு திறந்து வைத்துள்ளன. 14.074 மெகாஹெர்ட்ஸில் எஃப்.டி. 8 ஒலியைக் கேட்டு, கணிப்பொறியால் அதனைப் படிக்க முயலலாம்.

2. அனுப்புவதற்கு உரிமம் இன்றியமையாதது. இந்தியாவில் இதற்கென 1978-இல் தனி விதிகள் வகுக்கப்பட்டன. மத்திய அரசின் தேர்வில் தேறி உரிமம் பெறுவோருக்கு வி.யு. என்று தொடங்கும் அழைப்புக் குறி வழங்கப்படும். உரிமம் பெறாதவர் அனுப்புங் கருவியை இயக்குதல் குற்றமாகும்.

3. கணிப்பொறியின் கடிகாரத்தைச் சரியாக வைத்துக்கொள்க. எஃப்.டி. 8 முறையில் ஓரிரு நொடி பிசகினும் செய்தி படிக்கப்படாது.

4. ஆற்றலைக் குறைத்து அனுப்புக. பேச்சில் இடைவெளிகள் உண்டு. இம்முறையில் கருவி முழு ஆற்றலுடன் இடைவிடாது இயங்கிச் சூடேறும். கணிப்பொறியின் ஒலியளவு மிகுந்தால் அலை அகன்று, அண்டையில் இயங்குவோருக்கு இடையூறாகும்.

5. மறைகுறியீட்டைப் பயன்படுத்தலாகாது. சில டி.எம்.ஆர். கருவிகளில் பேச்சை மறைக்கும் வசதி உண்டு. பொருளை மறைக்கும் நோக்குடன் குறியீடு செய்து பேசுவதைச் சர்வதேச வானொலி விதிகள் அமெச்சூர்களுக்கு அனுமதிப்பதில்லை.

கவனிக்கத்தக்க ஒன்று

இணையத்துடன் இணைந்த சிறு கருவியை வீட்டில் வைத்துக்கொண்டு, கையடக்கக் கருவியால் உலகெங்கும் பேசுவோர் பலர். இது இன்பம் தருவதே. ஆனால் அலை கடப்பது ஓர் அறையின் தூரம் மட்டுமே; மற்ற வழியனைத்தும் இணையத்தினுடையது. புயலோ வெள்ளமோ இணையத்தை அறுக்கும் நாளில் அக்கருவியும் ஊமையாகிவிடும். ஆகவே, இடையில் எதன் துணையுமின்றி ஏரியலிலிருந்து ஏரியலுக்குச் செய்தி அனுப்பும் பயிற்சியை ஒவ்வொருவரும் விடாது மேற்கொள்ள வேண்டும். மின்சாரம் நின்றாலும் இயங்குமாறு மின்கலம் ஒன்றையும் ஏற்றி வைத்திருத்தல் நலம். போர்ட் பிளேரில் அன்று பயன்பட்டவை, தம் ஏரியலையும் தம் ஆற்றலையுமே நம்பிய நிலையங்கள் என்பதை மறத்தலாகாது.

பயிற்சி வினாக்கள்

1. நொடிக்கு 64,000 குறிகளாக உள்ள குரலை 2,400 குறிகளாக்கினால், சுமை ஏறத்தாழ எத்தனை மடங்கு குறைகின்றது?

2. எட்டுச் சுருதிகளுக்குப் பதிலாக நான்கு சுருதிகளையே பயன்படுத்தினால், 174 குறிகளை அனுப்ப எத்தனை ஒலிகள் தேவைப்படும்?

3. இலக்க முறைக் குரல் எல்லையைக் கடந்ததும் திடீரென அறுவது ஏன்?