கூட்டத்தின் நடுவே தனிமை

தனிமை என்றவுடன் ஆளில்லா வீட்டில் இருக்கும் முதியவரையே நினைக்கிறோம். ஆனால் ஒரே வளவில் நாலு குடும்பங்கள் நெருங்கி வாழும் இடத்திலும் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளை தனித்துப் போகலாம். உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுவதாகவும், இளவயதினரிடையே இது கூடுதல் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது.

ஊரில் நட்பைத் தேடிப் போகவேண்டியிருக்கவில்லை. அது வேலையோடு வந்தது. வெங்காயம் நடவும் புகையிலைக்கு இறைக்கவும், இன்று உங்கள் தோட்டம், நாளை எங்கள் தோட்டம் என்று இளைஞர் கூடினார்கள். மாலையில் வாசிகசாலை இருந்தது. இடப்பெயர்வு காணியோடு இவற்றையும் பறித்தது. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்களில் பல, இருபது ஆண்டுகளுக்கு மேல் முகாம்களிலும் பிறர் காணிகளிலும் வாழ்ந்தன. அங்கே பிறந்த பிள்ளைக்குப் பெற்றோர் பேசும் ஊர் தெரியாது. இருக்கும் ஊரும் சொந்தமில்லை. பெற்றோரின் இழப்பை எல்லோரும் அறிவர். பிள்ளையின் இழப்புக்குப் பெயரில்லை.

பரீட்சை முடிந்து வீட்டில் இருக்கும் மகனைச் "சும்மா இருக்கிறான்" என்று ஏசுகிறோம். மகளை வெளியே போகாமல் மறிக்கிறோம். இரண்டும் தனிமையைக் கூட்டும்.

வேதாகமத்தில் எலியா சூரைச் செடியின் கீழ் சாவை வேண்டினார்; பின்பு தான் ஒருவனே மீந்திருப்பதாகவும் சொன்னார். கடவுள் அவரை ஏசவில்லை. முதலில் உணவும் உறக்கமும், பின்பு வேலையும், ஒரு துணையும் கொடுத்தார். அத்துணைவன் எலிசா, ஏர் உழுதுகொண்டிருந்த ஒரு கமக்காரன்.

நாம் செய்யக்கூடியவை:

1. இரண்டு மூன்று வீட்டு இளையோரிடம் ஒரு பாத்தியை ஒப்படையுங்கள். முளைக்கீரையை ஒரு மாதத்துக்குள் பிடுங்கலாம். தண்ணீர் முறையையும் விற்பனைக் கணக்கையும் அவர்களே பார்க்கட்டும்.

2. பெண்பிள்ளைகளும் கூடிப் பேச ஓர் இடமும் நேரமும் ஒதுக்குங்கள்.

3. நாளுக்கு ஒரு வேளையாவது சேர்ந்து உண்ணுங்கள். புத்தி சொல்லாமல் கேளுங்கள்.

4. பயிருக்கு அடிக்கும் மருந்தைப் பூட்டி வையுங்கள். பிள்ளை உண்ணாமல், உறங்காமல் இருந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ தனியே விடாதீர்கள். உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926.

கலந்துரையாட:

அ. நமது வளவில் யாரோடும் பேசாத இளையோர் யார்? 

ஆ. அடுத்த போகத்தில் அவர்களை நம்பி எந்த வேலையைக் கொடுப்போம்?