ஆபரேஷனுக்குப் பிறகு தூங்காத பெரியவர்கள்: விரலால் செய்யக்கூடிய உதவி

எலும்பு முறிவு வார்டில் பல ஆண்டுகள் இரவுப் பணி பார்த்த செவிலியர் நான். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன பெரியவர்கள் முதல் சில இரவுகள் கண்ணை மூடுவதே அபூர்வம். நள்ளிரவில் மகளோ மருமகளோ வந்து, "சிஸ்டர், ஒரு தூக்க மாத்திரை குடுங்களேன்" என்று கேட்பார்கள். அவர்களுடைய தவிப்பு புரியும். ஆனாலும் மாத்திரைக்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியவை பல உண்டு. அவற்றில் ஒன்று, உடம்பின் சில புள்ளிகளை விரலால் மென்மையாக அழுத்திவிடும் அக்குபிரஷர்.

அல்பிரசோலம், டயசெபாம் போன்ற மாத்திரைகள் வயதானவர்களுக்கு மனக்குழப்பத்தையும் தள்ளாட்டத்தையும் உண்டாக்கும். எழுந்து நடக்கும்போது விழுந்தால், இன்னொரு முறிவு. மார்க் பியர்ஸ் 1991-இல் தொடங்கிவைத்து, இன்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் புதுப்பித்துவரும் பியர்ஸ் பட்டியல், 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த வகை மருந்துகளைக் கூடுமானவரை தவிர்க்கச் சொல்கிறது. ஆனால் பல காலமாக இவற்றைச் சாப்பிட்டு வருபவர் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. அதை ஆபரேஷனுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

முதலில் காரணத்தைத் தேடுங்கள்

வலியோடு இருப்பவரை எந்தப் புள்ளியும் தூங்க வைக்காது. வலி மாத்திரை படுக்கும் நேரத்துக்கு வேலை செய்யும்படி கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். சிறுநீர் முட்டுகிறதா, மலச்சிக்கலா, குமட்டலா, டியூப் எங்காவது இழுக்கிறதா என்று பாருங்கள். இரவு வார்டில் சராசரி ஓசை 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் வார்டுகளில் அது கனவுதான். ஆனால் தலைக்கு மேல் எரியும் டியூப்லைட்டை அணைக்கலாம், செல்போன் சத்தத்தைக் குறைக்கலாம். பிரஷர் பார்ப்பதையும் ஊசி போடுவதையும் ஒரே நேரத்தில் முடிக்க முடியுமா என்று டூட்டி நர்ஸிடம் கேட்கலாம். பகலில் கண்ணாடியையும் காது மெஷினையும் போட்டுவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். மாலைக் காபி வேண்டாம்.

எந்தப் புள்ளிகள்?

நான் குடும்பத்தினருக்குச் சொல்லிக்கொடுப்பவை மூன்று.

ஷென்மென்: உள்ளங்கையை மேலே பார்க்க வையுங்கள். சுண்டு விரலின் நேர்கோட்டில் கீழே வந்தால், மணிக்கட்டு ரேகையில் ஒரு சிறு குழி தட்டுப்படும். தூக்கத்துக்காக அதிகம் பயன்படுத்தப்படுவது இதுதான்.

நெய்குவான்: மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரல் அகலம் முழங்கை பக்கம் தள்ளி, இரண்டு தசைநாண்களுக்கு நடுவில். விரல் அளவு நோயாளியின் விரல்களைக் கொண்டே எடுக்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பிந்தைய குமட்டலையும் வாந்தியையும் இந்தப் புள்ளி குறைக்கிறது என்பதற்கு நல்ல சான்று உண்டு.

யின்டாங்: இரு புருவங்களுக்கும் நடுவில். இரண்டு கையிலும் ஊசி இருப்பவருக்கு இது வசதி.

படுக்கப் போகும் நேரத்தில், மூத்திரம் போய் வந்த பிறகு, விளக்கைக் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள். நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள். கட்டைவிரலின் சதைப்பகுதியால் ஒவ்வொரு புள்ளியையும் ஒன்றிரண்டு நிமிடம் மெதுவாகச் சுழற்றி அழுத்துங்கள். சப்பாத்தி மாவு பதமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் அளவு அழுத்தம் போதும். முதுமைத் தோல் மெல்லியது. "வலிக்குதாம்மா?" என்று கேட்டுக்கொண்டே செய்யுங்கள். முகம் சுளித்தால் நிறுத்திவிடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் செய்வது நல்லது.

தொடக் கூடாத இடங்கள்

ட்ரிப்ஸ் ஊசி உள்ள கை, டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா வைத்த கை, மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நிணநீர் முடிச்சுகளை எடுத்த பக்கத்துக் கை, காயம், வீக்கம், சிராய்ப்பு ஆகியவற்றை விட்டுவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கு லேசான அழுத்தத்திலும் கன்றிப்போகலாம். கணுக்காலுக்கு மேலே உள்ள சான்யின்ஜியாவ் என்ற புள்ளியும் தூக்கத்துக்குப் பெயர் பெற்றது. ஆனால் இடுப்பு, முழங்கால் ஆபரேஷன் ஆனவர்களுக்குக் காலின் ஆழ்சிரையில் ரத்தம் உறையும் வாய்ப்பு அதிகம் என்பதால், மருத்துவர் அனுமதிக்காமல் காலை நான் தொடச் சொல்வதில்லை. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சிவந்து, வலித்தால் தேய்க்கவே கூடாது. உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். ஊசி குத்தும் அக்குபங்சரும், காதில் விதை ஒட்டும் முறையும் பயிற்சி பெற்றவர்களுடைய வேலை.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

சீனா, தைவான், ஈரான், துருக்கி நாடுகளில் நடந்த பல ஆய்வுகளில் அக்குபிரஷர் பெற்றவர்கள் முன்பைவிட நன்றாகத் தூங்கியதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவற்றில் பல சிறியவை. யாருக்குச் சரியான புள்ளி, யாருக்குப் போலிப் புள்ளி என்பதை முழுக்க மறைத்துச் சோதிப்பதும் கடினம். அதனால் இதை வைத்தியமென்று நான் சொல்வதில்லை. பக்கவிளைவு குறைந்த, செலவில்லாத துணை என்கிறேன். எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி இருட்டைக் கண்டு பயந்து, மகளை விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். வலிக்கு மருந்து கொடுத்து, விளக்கைக் குறைத்து, மகளை மணிக்கட்டை அழுத்தச் சொன்னேன். பாட்டி கண் அயர்ந்தார். புள்ளி வேலை செய்ததா, மகளின் கை வேலை செய்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. நோயாளிக்கு அப்படிப் பிரித்துப் பார்க்கத் தேவையும் இல்லை.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். திடீரென்று ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவது, இல்லாததைப் பார்ப்பது, ட்ரிப்ஸைப் பிடுங்குவது, கூப்பிட்டாலும் மந்தமாகக் கிடப்பது இவையெல்லாம் வெறும் தூக்கமின்மை அல்ல. கிருமித்தொற்று, சோடியம் குறைவு, ஆக்சிஜன் குறைவு, சிறுநீர் அடைப்பு என எதுவும் பின்னால் இருக்கலாம். அப்போது விரலை எடுத்துவிட்டு நர்ஸை அழையுங்கள். எத்தனை மணியானாலும் தயங்க வேண்டாம், அதற்காகத்தான் நாங்கள் விழித்திருக்கிறோம்.