பறவைக் கணக்கு சட்டமாவது எப்படி?

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் உள்ள ஊர் கிளியனூர். இதற்குக் கிழக்கே, கடற்கரையை ஒட்டிப் பரந்து கிடக்கிறது கழுவெளி ஏரி. மழைநீர் இதில் வந்து சேர்கிறது. மரக்காணம் பக்கத்துக் கழிமுகத்தின் வழியே கடல்நீரும் ஏறுகிறது. நன்னீரும் உப்புநீரும் கலப்பதால் மீன், நத்தை, புழு, நீர்ப்பூண்டு யாவும் இங்கு மிகுதி. எனவே குளிர்காலத்தில் வடநாடுகளிலிருந்து வலசை வரும் பறவைகள் இங்கே இரை தேடி இறங்குகின்றன.

வேட்டையும் ஆக்கிரமிப்பும் இந்த ஏரியை நெடுங்காலம் வருத்தி வந்தன. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் தமிழக அரசு, ஏறத்தாழ 5,151 ஹெக்டேர் பரப்பைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024இல் இது ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. ஈரநிலங்களைக் காப்பதற்காக 1971இல் ஈரானிலுள்ள ராம்சார் நகரில் உருவான உலக உடன்படிக்கையின் பட்டியல் அது.

ஓர் ஏரி சிறப்புடையது என்று அரசிடம் எடுத்துக்கூற அழகு மட்டும் போதாது; எண் வேண்டும்.

எண்ணின் வலிமை

ராம்சார் உடன்படிக்கையின் அளவுகோல்களில் இரண்டைக் காண்போம். ஓர் ஈரநிலம் வழக்கமாக 20,000 அல்லது அதற்கு மேற்பட்ட நீர்ப்பறவைகளைத் தாங்க வேண்டும். அல்லது ஓர் இனத்தொகையில் நூற்றுக்கு ஒரு பங்கையேனும் தாங்க வேண்டும். ஒரு வலசைப் பாதையில் ஓர் இனப் பறவைகள் மொத்தம் 50,000 உள்ளன எனக் கொள்வோம். ஓர் ஏரிக்கு அவற்றுள் 500 பறவைகள் வழக்கமாக வந்தால், அந்த ஏரி தகுதி பெறும். ‘நிறையப் பறவைகள் வருகின்றன’ என்னும் சொல்லுக்கு இல்லாத மதிப்பு, ‘500’ என்னும் எண்ணுக்கு உண்டு. ஆனால் அந்த எண் ஒரு நாளில் கிடைப்பதன்று. ஆண்டுதோறும், ஒரே முறையில் எண்ணி வந்தால்தான் அது சான்றாகும்.

ஆய்வாளருக்கு வேண்டிய துணை

பறவையைத் தொலைவிலிருந்து பார்த்து எண்ணலாம். அது எங்கிருந்து வருகிறது என்று அறிய, அதைப் பிடித்துக் காலில் எண் பொறித்த வளையம் மாட்ட வேண்டும். 1883இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இப்பணியைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறது. சாலிம் அலி இதற்கு வழிகாட்டினார். நம் கோடியக்கரையும் வளையமிடும் இடங்களுள் ஒன்று.

நினைத்தவர் நினைத்தபடி பறவையைப் பிடிக்க இயலாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, காக்கப்பட்ட உயிரினத்தை ஆய்வுக்காகப் பிடிக்கத் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி வேண்டும். முதல் அட்டவணையில் உள்ள இனமாயின், மத்திய அரசின் முன் இசைவும் வேண்டும். இந்தத் தடை பறவைக்குக் காவல். ஆனால் அனுமதி தாமதமானால், வலசைப் பறவை அதற்காகக் காத்திராது. ஆய்வாளருக்கு ஓராண்டு வீணாகும்.

இத்தகைய இடையூறுகளில் ஆய்வாளர் தனித்து நிற்கலாகாது. இதனால்தான் அமெரிக்காவில் 1992இல் பறவையியல் சங்கங்கள் பல கூடிப் பொதுவான பேரவை ஒன்றை அமைத்தன. அது அனுமதி பெறும் முறையை ஆய்வாளருக்கு விளக்கியது. அவர்கள் கருத்தை அரசுக்கு எடுத்துரைத்தது. பறவைக்குத் தீங்கின்றி ஆராய்வதற்கான கையேட்டையும் வெளியிட்டது. பறவையின் முதுகில் பொருத்தும் வானொலிக் கருவி, உடல் எடையில் நூற்றுக்கு 3 முதல் 5 பங்குக்கு மேற்படலாகாது என்பது ஆய்வாளர் பின்பற்றும் பொது வழக்கு. அதாவது, 100 கிராம் பறவைக்கு 5 கிராமுக்கு மேல் சுமை கூடாது.

பரத்பூர் தந்த பாடம்

அறிவியலார் கூறும் யோசனை எப்போதும் சரியாகவே இருக்குமா? ராஜஸ்தானில் பரத்பூர் நகரை அடுத்துள்ள கேவலாதேவ் நீர்நிலை புகழ்பெற்ற பறவை வாழிடம். அங்கே எருமைகள் மேய்வது பறவைகளுக்குக் கேடு என்று வல்லுநர் பலர் கருதினர். 1982இல் மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. அதைத் தொடர்ந்த மோதலில் கிராம மக்கள் சிலர் உயிரிழந்தனர்.

பம்பாய்க் கழகம் அங்கு 1980களில் நீண்ட ஆய்வு ஒன்றை நடத்தியது. முடிவு எதிர்பாராதது. எருமைகள் மேயாததால் ஒருவகை நீர்ப்புல் மண்டி, திறந்த நீர்ப்பரப்பை மூடிற்று. நீந்தி இரை தேடும் பறவைகளுக்கு இடம் குறைந்தது. மேய்ச்சல் அந்த நீர்நிலைக்கு நன்மையும் செய்து வந்தது என்று புலனாயிற்று. தம் துறையினரின் கருத்துக்கு மாறான முடிவையும் ஆய்வாளர் மறைக்கவில்லை என்பது கருதத்தக்கது.

ஆகவே, அறிவியலாரின் குரல் அரசின் செவியை எட்ட வேண்டும். அக்குரல் விருப்பத்தின்மேல் நில்லாமல், சான்றின்மேல் நிற்கவும் வேண்டும். ஏரியைச் சார்ந்து வாழும் மக்களின் அனுபவமும் அச்சான்றில் அடங்கும். கழுவெளிக்கும் இது பொருந்தும்.

செய்து பார்க்க

உங்கள் ஊர் ஏரியை மாதம் ஒரு முறை, ஒரே நேரத்தில், ஒரே கரையிலிருந்து அரைமணி நேரம் நோக்குக. நாள், நேரம், நீரின் அளவு, பறவையின் பெயர், எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுக. பெயர் தெரியாவிட்டால், ‘தெரியவில்லை’ என்றே எழுதுக. ஒரு பறவையும் வராத நாளில் ‘0’ என்று குறிக்கத் தவறாதீர்கள். அதுவும் ஒரு சான்றே. கூட்டின் அருகே செல்லாதீர்கள். ஓராண்டு முடிந்ததும் பன்னிரண்டு எண்களையும் வரைபடமாக்கி, எம்மாதத்தில் பறவைகள் மிகுந்தன, ஏன் என்று வகுப்பில் விவாதியுங்கள்.